400 புத்தகம், 6,000 ரூபாய்: டெல்டாவில் புத்தக அலமாரி வாங்குவதா, செய்வதா?

மயிலாடுதுறையில் வாடகை வீடு, நானூறு புத்தகம், கையில் ஆறாயிரம் ரூபாய். ஆன்லைனில் நாலாயிரத்து ஐநூறுக்கு ஒரு அலமாரி கண்ணில் பட்டிருக்கிறது. அதை வாங்கலாமா, ஆசாரியை வைத்துச் செய்யலாமா, நாமே செய்துகொள்ளலாமா என்பது கேள்வி. கும்பகோணத்தில் பிளைவுட், ஹார்டுவேர் வியாபாரத்தில் இருக்கிறவன் நான். பலகை விற்கிறவன் "செய்" என்று சொல்வது சகஜம்தானே என்று சந்தேகத்தோடே படியுங்கள். தப்பில்லை.

பதில் முதலில்: ஆன்லைன் அலமாரி வேண்டாம். கடையில் ஒரே ஒரு பிளைவுட் ஷீட் வாங்கி, அங்கேயே மெஷினில் வெட்டி வாங்கி, வீட்டில் நீங்களே பூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு நேரமோ மனசோ இல்லையென்றால் இரும்பு ரேக் வாங்குங்கள்.

ஆன்லைனில் அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் பார்ட்டிக்கிள் போர்டு. மரத்தூளையும் சில்லுகளையும் பசையில் குழைத்து அழுத்தி, மேலே மர ரேகை அச்சடித்த தாள் ஒட்டியது. டெல்லியிலோ பெங்களூரிலோ அது நாலைந்து வருஷம் ஓடலாம். இங்கே அதன் கதை அடிப்பலகையில் முடிகிறது. தினமும் வீடு துடைக்கிற ஈரம் அடிப்பலகையின் விளிம்பு வழியாக ஏறும். தாள் ஒட்டு விளிம்பில் லேசாக வாய் பிளக்கும். உள்ளே இருக்கும் தூள் ஊறி, பதினெட்டு மில்லி பலகை இருபத்துநாலு மில்லியாக உப்பும். ஒருதரம் உப்பியது காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கைவைத்து அழுத்தினால் பொடிப்பொடியாக உதிரும். இன்னொரு வம்பு, வாடகைக்கு இருப்பவருக்கென்றே வந்தது. அதைப் பூட்டுகிற கேம் லாக், ஸ்க்ரூ எல்லாம் முதல் தடவைதான் இறுக்கமாகப் பிடிக்கும். வீடு மாறும்போது கழற்றி மறுபடி மாட்டினால் துளை லொடலொடவென்று ஆகிவிடும்.

அடுத்தது தொய்வு. புத்தகம் எவ்வளவு கனம் என்று யாரும் யோசிப்பதில்லை. நம் சாதா பேப்பர்பேக் நாவல்களையே நெருக்கி அடுக்கினால் ஒரு அடிக்கு ஆறு கிலோ வரும். கெட்டி அட்டை, ஆர்ட் பேப்பர் என்றால் பத்தைத் தாண்டும். மூன்றடி பலகையில் இருபது, முப்பது கிலோ ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறது. இதில் ஒரு கணக்கு உண்டு. பலகை முழுக்கப் புத்தகம் நிரப்பினால், நீளம் இரண்டு மடங்காகும்போது தொய்வு பதினாறு மடங்காகும். பலகையின் தடிமன் பாதியானால் தொய்வு எட்டு மடங்கு. மூன்றடிப் பலகையை இரண்டரை அடியாகக் குறைத்தாலே தொய்வு பாதிக்குக் கீழே போய்விடுகிறது. பார்ட்டிக்கிள் போர்டு பிளைவுட்டில் பாதி விறைப்புகூட இல்லாத சரக்கு. அதில் மூன்றடிப் பலகையைக் கொடுத்துவிட்டு விளம்பரப் படத்தில் நாலு புத்தகமும் ஒரு பூந்தொட்டியும் வைத்திருப்பார்கள். ஏன் நாலு புத்தகம் என்று இப்போது புரியும்.

இனி உங்கள் புத்தகங்களை அளந்து பாருங்கள். பணம் மிச்சமாகிற இடம் இதுதான், ஆனால் ஆசாரியும் கடைக்காரரும் கேட்காத கேள்வியும் இதுதான். தமிழ்ப் புத்தகங்களில் முக்கால்வாசி டெமி அளவு. உயரம் எட்டரை அங்குலம், அகலம் ஐந்தரை. மீதியில் பாதி கிரௌன் அளவு, அது இன்னும் சின்னது. இதற்கு எதற்குப் பன்னிரண்டு அங்குல ஆழ அலமாரி? அந்த ஆழம் ஆபீஸ் ஃபைலுக்கு வந்தது. அதில் நம் புத்தகத்தை வைத்தால் முன்னால் அரை அடி சும்மா கிடக்கும். அங்கே மருந்துச் சீட்டு, சாவிக்கொத்து, கரண்ட் பில் எல்லாம் குடிவரும். கொஞ்ச நாளில் முன்வரிசை, பின்வரிசை என்று இரண்டடுக்காகப் புத்தகம் வைப்போம், பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகும். எட்டு அங்குல ஆழம் தாராளம்.

நானூறு புத்தகம் என்றால் எத்தனை அடி? இருநூறு பக்கப் புத்தகம் ஒன்று சராசரி ஒன்றரை சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால் மொத்தம் ஆறு மீட்டர், அதாவது இருபது அடி. உங்கள் அலமாரியில் இருபது அடிக்குப் பலகை ஓட வேண்டும். கடைகளில் விற்கிற இரண்டரை அடி அகல, ஐந்து தட்டு அலமாரி பன்னிரண்டரை அடிதான் கொடுக்கும். அதை வாங்கினால் நூற்றைம்பது புத்தகம் மறுபடி கட்டிலுக்கு அடியில்தான்.

ஒரு ஷீட்டில் இருபது அடி எப்படி வரும் என்று பார்ப்போம். பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி. நீளவாக்கில் ஆறு பட்டையாக வெட்டச் சொல்லுங்கள். வாள் போகிற இடத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மில்லி போகும் என்பதால், ஒவ்வொரு பட்டையும் எட்டு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாக வரும். சுத்தமாகச் சொன்னால் 200 மில்லி. மேல் ரேகை எட்டடிப் பக்கமாக ஓடுகிற ஷீட்டாகப் பாருங்கள். அப்போதுதான் தட்டுப் பலகையின் நீளவாக்கில் ரேகை நின்று பலகை விறைப்பாக இருக்கும்.

ஆறு பட்டையில் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை அடித் துண்டு இரண்டு. மொத்தம் நாலு பக்கப் பலகை. மீதி நாலு பட்டையில் ஒவ்வொன்றிலும் முப்பத்தொன்றரை அங்குலத் துண்டு மூன்று. மொத்தம் பன்னிரண்டு. இவற்றில் பத்து, தட்டுகளாகப் போகும். ஒரே ஏழடி அலமாரியாகச் செய்யாமல், மூன்றரை அடி உயரப் பெட்டி இரண்டாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள் என்பேன். பெட்டிக்கு ஐந்து தட்டு, அதாவது நாலு அறை. ஒவ்வொரு அறையும் ஒன்பதரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். டெமி புத்தகம் நின்று, மேலே விரல் விட்டு இழுக்க இடம் இருக்கும். எட்டு அறைக்கும் சேர்த்து இருபத்தோரு அடி ஓட்டம். வீடு மாறும்போது ஒவ்வொரு பெட்டியும் பதினைந்து, பதினாறு கிலோதான், ஒரு ஆள் தூக்கிக் குட்டியானையில் வைக்கலாம். கழற்றவே வேண்டாம்.

மிச்சமிருக்கிற இரண்டு துண்டுகளை ஆளுக்கு மூன்றாக நீளவாக்கில் பிளந்தால் இரண்டரை அங்குலப் பட்டி ஆறு கிடைக்கும். அது பெட்டியின் உள் அகலத்துக்குச் சரியாக உட்காரும். பெட்டிக்கு இரண்டு வீதம் முதுகுப்பக்கம் மேலேயும் கீழேயும் வைத்து ஸ்க்ரூ அடித்துவிட்டால் பெட்டி பக்கவாட்டில் ஆடாது. முதுகுப் பலகை தேவையில்லை. காசும் மிச்சம், காற்றும் போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கம் துணியே நாலு நாள் காயாது. முதுகை அடைத்துக் கண்ணாடிக் கதவும் போட்ட அலமாரிக்குள் அந்த ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கண்ணாடி போட்டால் தூசி வராது என்பது உண்மை. அறுப்பு மெஷின் ஓடுகிற நாளில் வயலோரத்து வீடுகளில் பதர்த் தூசி என்ன பாடு படுத்தும் என்று தெரியாதவன் இல்லை. ஆனால் தூசியைத் துணியால் துடைத்துவிடலாம். பூஞ்சை பிடித்த தாளை என்ன செய்வது?

எந்த பிளைவுட்? பதினெட்டு மில்லி வாங்குங்கள், பன்னிரண்டு வேண்டாம். பன்னிரண்டு மில்லிப் பலகை அதைவிட மூன்று மடங்குக்கு மேல் தொய்யும். எம்.ஆர். என்று போட்டது லேசான ஈரம் மட்டும் தாங்கும். பி.டபிள்யூ.ஆர். போட்டது அதைவிட உறுதி. ஐ.எஸ். 710 முத்திரை போட்டது மரைன் பிளைவுட், கிச்சன், பாத்ரூம் பக்கம் போகிற சரக்கு. புத்தகத்துக்கு பி.டபிள்யூ.ஆர். போதும், மரைன் வரைக்கும் போக வேண்டியதில்லை. கடையில் இருக்கிற சரக்கில் நிறைய கேரளத்து பெரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது, உள்ளே ரப்பர் மரம் இருக்கும். ரப்பர் மரத்தில் மாவு இருப்பதால் மருந்து சரியாக ஏற்றாவிட்டால் உளு வண்டுக்கு விருந்து. அதனால் முத்திரை இல்லாத மலிவுச் சரக்கைத் தொடாதீர்கள். ஷீட்டை நிறுத்தி விளிம்பைப் பாருங்கள்: அடுக்குகளுக்கு நடுவே இருட்டாகப் பொந்து தெரிந்தால் வேறு ஷீட் கேளுங்கள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பொந்து இருக்கிற இடத்தில் சத்தம் மாறும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விலை கடைக்குக் கடை, பிராண்டுக்கு பிராண்ட் மாறும். தோராயமாக ஷீட் மூவாயிரத்தை ஒட்டி வரும். வெட்டுக் கூலி ஐநூறுக்குள். இரண்டு அங்குல ஸ்க்ரூ நூறு கொண்ட பெட்டி, ஃபெவிகால், உப்புத்தாள், ப்ரைமர், எனாமல் எல்லாம் ஆயிரத்தைத் தொடும். மாடுலர் கிச்சனுக்குப் போடுகிற நாலு அங்குல பிவிசி கால் ஆறு வாங்குங்கள், அது இருநூற்றைம்பது, முந்நூறு. ஐயாயிரத்தை ஒட்டி முடியும், ட்ரில் மெஷின் யாரிடமாவது இரவல் வாங்கினால்.

அந்த பிவிசி காலைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் டெல்டாவில் புத்தகத்துக்கு முதல் எதிரி கரையான். களிமண் பூமி, மழைக்கு ஊறி வெயிலுக்கு வெடிக்கும். தரை ஓரத்திலும் சுவர் மூலையிலும் அது வழி கண்டுபிடித்துவிடும். முதல் மழைக்கு விளக்கைச் சுற்றி ஈசல் பறந்தால் பக்கத்தில் எங்கேயோ புற்று இருக்கிறது என்று அர்த்தம். கரையான் வெளிச்சத்தில் நடக்காது, மண்ணால் குழாய் கட்டி அதற்குள்தான் நடக்கும். அலமாரி தரையோடும் சுவரோடும் ஒட்டி நின்றால் அந்தக் குழாய் உங்கள் கண்ணுக்கே படாது. அடுக்கில் இருக்கிற புத்தகம் வெளியே முழுசாகத் தெரியும், எடுத்தால் அட்டை மட்டும் கையில் வரும், உள்ளே மண். தரையிலிருந்து நாலு அங்குலம், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நின்றால், குழாய் கட்டினாலும் காலில் கோடாகத் தெரிந்துவிடும், விளக்குமாற்றால் தட்டிவிட்டு மருந்து வைக்கலாம். பிவிசி காலைக் கரையான் தின்னாது, துடைக்கிற தண்ணீரும் பலகைக்கு ஏறாது. பழைய வீடுகளில் தண்ணீர் ஓடத் தரையைச் சரிவாக விட்டிருப்பார்கள், அந்தச் சரிவுக்கும் காலைத் திருகி உயரம் சரிசெய்யலாம்.

பூட்டுவதில் வித்தை ஒன்றும் இல்லை, அவசரப்படாமல் இருந்தால் போதும். மெஷினில் வெட்டிய துண்டு எல்லாம் ஒரே அளவு, மூலை சரியாக இருக்கும். கையால் ரம்பம் பிடித்து வெட்டப் போனால்தான் எல்லாச் சிக்கலும். இரண்டு பக்கப் பலகையையும் அருகருகே படுக்கவைத்து, தட்டு வருகிற இடங்களை இரண்டிலும் சேர்த்து ஒரே கோடாகப் போடுங்கள். ஸ்க்ரூ போகிற இடத்தில் முதலில் மூன்று மில்லி பிட்டால் துளை. துளை போடாமல் பிளைவுட்டின் விளிம்பில் ஸ்க்ரூ ஏற்றினால் அடுக்கு பிளந்து வயிறு புடைக்கும். விளிம்பில் ஃபெவிகால் தடவி, ஒரு முனைக்கு மூன்று ஸ்க்ரூ. பசை காய்வதற்கு முன் மூலைக்கு மூலை குறுக்காக டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பெட்டி கோணாமல் நேராக இருக்கிறது. கூடுதலாக இருக்கிற மூலைகளைப் பிடித்து லேசாக நெருக்கினால் சரியாகிவிடும். இந்த ஒரு அளவை விட்டுவிட்டால் பின்னால் ஒரு கால் தரையைத் தொடாமல் அலமாரி காலம் பூரா ஆடும்.

பெயிண்ட் அடிப்பதில் அழகைவிட முக்கியம் விளிம்பு. பிளைவுட்டுக்குள் ஈரம் போவது வெட்டுவாய் வழியாகத்தான். எல்லா விளிம்பும், கண்ணில் படாத அடிப்பக்கமும் சேர்த்து, ப்ரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. மழை மாதத்தில் வேண்டாம். பெயிண்ட் கையில் ஒட்டவில்லை என்பதற்காக உடனே புத்தகத்தை ஏற்றாதீர்கள். உள்ளே இன்னும் இளகலாக இருக்கும், கனத்தில் அட்டை பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் காற்றாட விடுங்கள்.

ஆசாரியை வைப்பதைப் பற்றி. கைவேலை என்றால் எனக்கும் ஆசைதான். ஆனால் ஆயிரத்தை ஒட்டிய நாள் கூலி, இரண்டு நாள் வேலை, மைக்கா, பீடிங் என்று போனால் உங்கள் ஆறாயிரம் தாங்காது. வெட்டிய துண்டுகளைக் கையில் கொடுத்து ஒரு நாளில் பூட்டித் தரச் சொன்னால் ஒத்துவரும். தை, வைகாசி, ஆவணியில் கூப்பிடாதீர்கள், கிரகப்பிரவேச வேலை எல்லாம் அப்போதுதான். ஆடியிலும் மார்கழியிலும் ஆள் கிடைப்பார், பொறுமையாகவும் செய்வார். எட்டு அங்குல ஆழம் என்று சொன்னால் "ரொம்பக் குறைச்சல் சார், ஒரு அடி வெச்சுடலாம்" என்பார். ஒரு டெமி புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

சொந்த மரம் இருக்கிறவர்கள் கணக்கு வேறு. வாய்க்கால் கரைப் பூவரசு, கொல்லை வேம்பு, வாகை மூன்றுமே நல்ல அலமாரி மரம். வேம்பைப் பூச்சி சுலபத்தில் தொடாது. கல்லணைக் கால்வாய்க் கரையில் வனத்துறை வைத்த தேக்கைப் பார்த்திருப்பீர்கள், அந்த மண்ணில் தேக்கும் நன்றாகவே வரும். ஆனால் பச்சை மரத்தை அறுத்த கையோடு அடித்தால் பலகை முறுக்கிக்கொள்ளும். நடுவே குச்சி கொடுத்து நிழலில் அடுக்கி, மாதக்கணக்கில் உலரவிட வேண்டும். வைரம் பாய்ந்த பாகம் மட்டும் எடுங்கள். வெளிப்பக்கத்து வெளுத்த பாகத்தைச் சேர்த்தால் இரண்டாவது வருஷமே தட்டில் மாவு கொட்டும்.

இதைவிடச் சல்லிசு, இடித்த வீட்டு மரம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பழைய ஓட்டு வீடுகள் இடிபடும்போது உத்திரம், சட்டம், பரண் பலகை எல்லாம் பழைய மரக் கடைக்கு வரும். ஐம்பது, அறுபது வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்காது. கடைக்காரர் எல்லாவற்றையும் பர்மா தேக்கு என்பார், அதில் பாதியை நம்பலாம். சிக்கல் ஆணியில். உள்ளே புதைந்த துருப்பிடித்த ஆணி ஒன்று வாளில் பட்டால் பல் போய்விடும் என்று சா மில்லில் அறுத்துத் தர மறுப்பார்கள். பரண் பலகை அப்படியே எட்டு, ஒன்பது அங்குல அகலத்தில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள், நீளத்தைக் குறைத்தால் போதும், இழைப்புளி போட்டால் புதுசாகிவிடும்.

கடப்பைக் கல்லை வாடகைக்காரருக்குச் சொல்வதில் அர்த்தம் இல்லை. சொந்த வீடு கட்டுகிறவர்கள் சுவரிலேயே கடப்பைக் கல் தட்டு பதித்துவிட்டால் கரையான் கவலையே இல்லை. மூன்றடிக்கு மேல் நீட்டாதீர்கள், கல் தொய்யாது, நேரே விரிசல்தான். மழைக் காலத்தில் கல் சில்லிட்டு ஈரம் கோத்துக்கொள்ளும், மேலே மெல்லிய பலகையோ கெட்டி அட்டையோ விரித்துக்கொள்ளுங்கள்.

இரும்பு ரேக்கைக் கடைசி வழி என்று ஒதுக்காதீர்கள். மூன்று, மூன்றரை ஆயிரத்தில் ஆறடி ரேக் வந்துவிடும், ஒரு மணி நேரத்தில் போல்ட் முடுக்கிவிடலாம், கரையான் தின்னாது, விற்றாலும் எடைக்குக் காசு. தகட்டின் கேஜ் கேளுங்கள், எண் குறையக் குறையக் கனம் கூடும். இருபத்திரண்டு கேஜுக்கு மேல் மெல்லிசாகப் போனால் தட்டு நடுவில் பள்ளம் விழும். பின்பக்கம் குறுக்குப் பட்டி கட்டாயம். தகட்டு விளிம்பு அட்டையைக் கீறும் என்பதால் தட்டில் சார்ட் பேப்பர் விரிக்க வேண்டும். ஆழம் வேண்டாத அளவுக்கு அதிகம் என்பதுதான் எனக்கு அதில் பிடிக்காதது. நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி மாதிரி உப்புக் காற்று அடிக்கிற ஊர் என்றால் பவுடர் கோட்டிங் செய்ததாகப் பாருங்கள். வெறும் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தது போல்ட் துளையிலிருந்து துருப் பிடிக்கும், அந்தத் துரு தாளில் ஏறினால் போகாது.

ராமபாணப் பூச்சிக்கு நாட்டு மருந்து போதும். தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணி முடிச்சாக வைப்பார்கள். வீட்டுக்கு வசம்பும் கற்பூரமும் போதும், அறைக்கு ஒரு முடிச்சு. வாசனை போனதும் மாற்றுங்கள். அதையும்விடப் பெரிய மருந்து, மழை முடிந்து தை வெயில் வந்ததும் புத்தகங்களை ஒருதரம் வெளியே எடுத்துத் தட்டி, நிழலில் காற்றாட வைப்பது.

பெரிய அளவுப் புத்தகங்கள், பிள்ளைகளின் அட்லஸ், தீபாவளி மலர்கள் ஒன்பதரை அங்குல அறைக்குள் நிற்காது. கீழ்ப் பெட்டியில் ஒரு தட்டைக் குறைத்து மூன்று அறையாக்கினால் பதின்மூன்று அங்குலம் கிடைக்கும், ஓட்டத்தில் இரண்டரை அடி போகும். கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் மேல்தட்டின் தலையில் படுக்கவைத்துவிடுங்கள்.

கடைசியாகச் சுவர். எட்டு அங்குல ஆழத்தில் ஏழடிக்கு மேல் உயரம் என்பது தானாக நிற்கிற சமாசாரம் இல்லை. சின்னப் பிள்ளை தட்டைப் பிடித்து ஏறினால் மேலே சாய்ந்துவிடும். இரண்டு பெட்டியையும் உள்ளிருந்து ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ நாலு போட்டு இணைத்துவிட்டு, மேல் பெட்டியின் முதுகுப் பட்டியிலிருந்து சுவருக்கு இரண்டு இடத்தில் பிடி கொடுக்க வேண்டும். மிச்சமான பட்டித் துண்டையே இரண்டு அங்குல இடைவெளிக்குக் கட்டையாக வைத்துக்கொள்ளலாம். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, காரையைத் தாண்டிச் செங்கல் வரைக்கும் ஆழமாகத் துளை போட வேண்டும். துளை கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொன்னால் பெட்டிகளை மேலே ஏற்றவே வேண்டாம். பக்கத்தில் பக்கம் வையுங்கள். ஐந்தரை அடிச் சுவர் பிடிக்கும், கால் ஆறுக்குப் பதில் பன்னிரண்டு வேண்டியிருக்கும், தலைத்தட்டும் இரண்டாகக் கிடைக்கும்.